இரும்பும் மலையும் – 7: சம்மட்டி அடிக்க ஒரு ஆள்

சென்ற அத்தியாயத்தில் சமனலவெவக் காற்றுலைகளைப் பார்த்தோம். தென்மேற்குப் பருவக்காற்றை மலைச்சரிவிலேயே மறித்து, துருத்தி இல்லாமல் உருக்கு எடுத்த அந்த உலைகளைப் பற்றித் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காற்று உலையை ஊதிக் கொடுத்தது. உலையிலிருந்து வந்த இரும்பை அடித்துக் கொடுக்கக் காற்று வரவில்லை. கத்தியோ கொழுவோ ஆவதற்கு அந்த இரும்பு இன்னும் எத்தனையோ அடி வாங்க வேண்டியிருந்தது. அந்த அடியை அடித்தவர் யார், அவருடைய இடத்துக்கு இயந்திரம் வந்தது எப்படி, வந்த இயந்திரத்தைக் கொல்லருக்கு ஏற்றபடி திருத்த எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

உட்கார்ந்த கொல்லரும் நின்ற வாடிக்கைக்காரரும்

கண்டிக் கம்மாலை ஒன்றின் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நமக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். 1660இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடு பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலில் கொல்லர்கள் பற்றி வரும் பகுதி சிறியதுதான். ஆனால் அதைப் படிக்கும் எந்தக் கொல்லருக்கும் சிரிப்பு வரும்.

ஒவ்வொரு கொல்லருக்கும் இன்ன ஊர்கள் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஊர் வேலையை வேறு கொல்லர் தொடமாட்டார். கூலி அறுவடையில் நெல்லாகக் கிடைக்கும். போட்டி இல்லாததால் கொல்லருக்கு மதிப்பும் இருந்தது, மிடுக்கும் இருந்தது. அவர் முக்காலியில் அமர்ந்திருப்பார். முன்னால் பட்டடை, இடப்புறம் உலை, வலக்கையில் ஒரு சின்னச் சுத்தியல். வேலை கொண்டுவந்தவர்தான் துருத்தி ஊத வேண்டும். இரும்பு காய்ந்ததும் கொல்லர் அதைக் குறட்டால் பட்டடையில் பிடிப்பார், எழும்பமாட்டார். பெரிய சம்மட்டியைத் தூக்கி அடிப்பதும் வந்தவர் வேலைதான். கொல்லர் இடையிடையே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உருவத்துக்குக் கொண்டுவருவார். அரம் போடவேண்டிய பொருளென்றால், முதலில் கல்லில் தேய்த்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுக் கடைசியில் தன் அரத்தால் முடித்துக் கொடுப்பார்.

நொக்ஸ் இதைக் கொல்லரின் கர்வத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார். கொஞ்சம் கர்வம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பார்த்தது உலகத்துக் கம்மாலைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வேலைப் பிரிவினை. உலைமுன் எப்போதும் இரண்டு சுத்தியல்கள் உண்டு. பெரியது பலத்தைத் தருகிறது. சின்னது அந்தப் பலம் எங்கே விழவேண்டும், எவ்வளவு விழவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று சொல்கிறது. சின்னச் சுத்தியல் தட்டிய இடத்தில் சம்மட்டி விழும். பட்டடையின் ஓரத்தில் அது வெறுமனே தட்டினால் சம்மட்டி நிற்கும். நல்ல சம்மட்டியாளுக்குத் தோள் மட்டும் போதாது, காதும் வேண்டும்.

பின்னால் விசைச் சம்மட்டியைக் கட்டியவர்களுக்குத் தோளைச் செய்வது எளிதாகவே வந்தது. காதைச் செய்வதற்குத்தான் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

பொருள் முதலில் வந்தது

கண்டி 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. பின்னர் மலையெல்லாம் கோப்பி ஏறியது. கோப்பித் தோட்டத்துக்கு மண்வெட்டி வேண்டும், அலவாங்கு வேண்டும், கத்தி வேண்டும், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டம் வேண்டும். கண்டியிலிருந்து அம்பிட்டிய வழியாகத் தலாத்துஓயாவைத் தாண்டி ஹேவாஹெட்டப் பக்கம் ஏறும் பாதை தோட்டங்களுக்குப் போகும் பாதை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டமும் அந்த மலைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் பெயரால் குருத்துவக் கல்லூரி எழுந்ததற்கு முன்பே அம்பிட்டிய தோட்டப் போக்குவரத்தைப் பார்த்த ஊர்.

இவ்வளவு இரும்பு வேலை பெருகிய காலத்தில் கண்டிக் கொல்லர் செழித்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. மண்வெட்டிகள் கப்பலில் வந்தன. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பட்டறைகள் வெப்பநாட்டுத் தோட்டங்களுக்கென்றே கருவிகள் செய்து அனுப்பின. வுல்வர்ஹாம்டனில் இருந்த சில்லிங்டன் நிறுவனத்தின் முதலைச் சின்ன மண்வெட்டி அவற்றில் பேர்பெற்றது. விசைச் சம்மட்டியின் அடியில் உருவான பொருள், நெருப்பில் காய்ச்சிக் கையால் அடித்த பொருளின் விலையை உடைத்தது. விசைச் சம்மட்டி மலைக்கு வரும் முன்னரே அது செய்த பொருள் வந்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளூர் உருக்கு உலைகள் அணைந்ததற்கும் இறக்குமதி இரும்பின் மலிவே முதற்காரணம்.

இயந்திர வேலை கண்டிக்கு வேறொரு வாசலால் வந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் ஒரு பொறியியல் பட்டறை தொடங்கினார். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் அவருடைய முதல் பெரிய சரக்கு. அந்தப் பட்டறைதான் வளர்ந்து வோக்கர் சன்ஸ் கம்பனி ஆனது. கோப்பிக்குப் பிறகு தேயிலை வந்தபோது, உருட்டும் இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் தோட்டம் தோட்டமாக ஏறின. தொழிற்சாலைக்கு இயந்திரம் கிடைத்தது. கிராமத்துக் கம்மாலைக்குச் சம்மட்டி அடிக்க ஆள்தான் தொடர்ந்து தேவைப்பட்டது.

தண்ணீர் தூக்கியது, நீராவி தூக்கியது

அந்த இயந்திரம் எங்கே பிறந்தது என்று பார்க்க மலையை விட்டுக் கொஞ்சம் வெளியே போகவேண்டும்.

தண்ணீரால் ஓடும் சம்மட்டி மிகப் பழையது. சீனாவில் ஹான் மன்னர் காலத்திலேயே நீர்ச்சக்கரத்தால் உலக்கை தூக்கித் தானியம் குற்றினார்கள். ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்து இதே முறையில் இரும்பும் அடித்தார்கள். நீண்ட மரத்தடியின் நுனியில் இரும்புத் தலை இருக்கும். சுழலும் தண்டில் பற்கள் இருக்கும். பல் தடியை அழுத்தித் தலையைத் தூக்கும், நழுவியதும் தலை விழும். ஷெஃபீல்டுக்கு அருகே அபிடேலில் அரிவாள் அடித்த இத்தகைய பட்டறை ஒன்றை இன்றும் அருங்காட்சியகமாகக் காணலாம்.

இதற்கு ஒரு பிறவிக் குறை. தலை எழும்பும் உயரம் ஒரே அளவு. மெல்லிய தகட்டை வைத்தால் முழு உயரமும் விழும். தடித்த இரும்பை வைத்தால் அந்தத் தடிப்பு விழும் உயரத்தைத் தின்றுவிடும். பலமான அடி எப்போது தேவையோ அப்போதுதான் அடி மெலியும். அது யார் சொல்லையும் கேட்காது. தண்ணீர் ஓடும்வரை தன் போக்கில் அடித்துக்கொண்டிருக்கும்.

1839இல் இந்தக் குறை ஒரு கப்பலை நிறுத்திவைத்தது. பிரிஸ்டலில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்கு 30 அங்குல விட்டமுள்ள அச்சுத்தண்டு வேண்டும். அடித்துத் தர எந்தப் பட்டறையும் ஒப்பவில்லை. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ் நாஸ்மித்துக்குக் கடிதம் வந்தது. எடின்பரோ ஓவியர் ஒருவரின் மகனான அவர், அந்த வருடம் நவம்பர் 24ஆம் தேதி தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தார். மேலே ஓர் உருளை, அதற்குள் பிஸ்டன், பிஸ்டன் தண்டின் கீழ்நுனியில் நேராகத் தொங்கும் சம்மட்டித் தலை. நீராவி கீழிருந்து தலையைத் தூக்கும், நீராவியை வெளியே விட்டால் தலை விழும். தடியும் பல்லும் போயின. தலைக்கும் பட்டடைக்கும் இடையே தேவையான இடம் கிடைத்தது.

கப்பலுக்குத் துடுப்புச் சக்கரம் வேண்டாம், சுழல்விசிறி போதும் என்று அதை வடிவமைத்த புரூனெல் முடிவு மாற்றியதால் அந்தத் தண்டு அடிபடவே இல்லை. படம் புத்தகத்தில் கிடந்தது. 1842இல் நாஸ்மித் பிரான்சின் லெ க்ரூசோ இரும்பாலைக்குப் போனபோது அங்கே ஒரு நீராவிச் சம்மட்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்டியவர் பிரான்சுவா பூர்தோன். தன் படத்தைப் பார்த்துக் கட்டியது என்றார் நாஸ்மித். பூர்தோனே கண்டுபிடித்தது என்று பிரெஞ்சுக்காரர் இன்றும் சொல்வார்கள். நாஸ்மித் ஊர் திரும்பி அதே ஆண்டு ஜூனில் காப்புரிமை எடுத்தார்.

யார் முதல் என்ற சண்டையை விட நமக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. முதலில் கட்டிய சம்மட்டிகளில் ஒரு ஆள் நின்று வால்வைக் கையால் திறந்து மூடவேண்டும். 1843இல் நாஸ்மித்தின் பட்டறையைச் சேர்ந்த ரொபர்ட் வில்சன் தானே இயங்கும் வால்வு அமைப்பைச் சேர்த்தார். அடியின் உயரத்தையும் வேகத்தையும் நெம்புகோலால் மாற்ற முடிந்தது. மதுக்கிண்ணத்தில் முட்டையை நிறுத்தி, கிண்ணம் உடையாமல் முட்டை ஓட்டை மட்டும் விரிசல்விடச் செய்வதும், அடுத்த அடியில் கட்டடத்தையே அதிரவைப்பதும் பார்வையாளருக்குக் காட்டும் வித்தையாயின. அந்த வித்தையின் பொருளை யோசித்தால், நொக்ஸ் பார்த்த சின்னச் சுத்தியல் அங்கே நெம்புகோலாக வந்து நிற்பது தெரியும். இயந்திரம் முதன்முதலாகச் சொல் கேட்டது.

பிறகு பெருமைக்காக அளவு கூட்டிப் பார்த்தார்கள். 1877இல் லெ க்ரூசோவில் 100 தொன் தலை. 1891இல் அமெரிக்காவின் பெத்லஹேமில் 125 தொன். அவ்வளவு பெரிய வேலையை அடிப்பதை விட அழுத்துவதே நல்லது என்று கண்டதும் நீரழுத்த இயந்திரம் வந்து அந்த ஓட்டத்தை முடித்தது. லெ க்ரூசோச் சம்மட்டி இப்போது அந்த ஊரில் காட்சிப் பொருள்.

கொல்லருக்கு ஒரு சின்னச் சம்மட்டி

கொதிகலனும் நீராவிக் குழாயும் வைத்துச் சம்மட்டி ஓட்டக் கிராமத்துக் கொல்லரால் ஆகுமா? அவருக்கு வேண்டியது தனியாக நின்று தன் காலால் இயக்கக்கூடிய, 10 முதல் 50 கிலோ வரை தலையுள்ள சின்ன இயந்திரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கு இரண்டு வழிகளில் விடை வந்தது.

முதல் வழி வில். சுழலும் சக்கரத்தின் ஆட்டத்தைத் தண்டு மூலம் தலைக்கு நேரே இணைத்தால் என்ன ஆகும்? தலை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளிவரை இறங்கும். அந்த இடத்தில் தடித்த இரும்பு இருந்தால் ஏதாவது ஒன்று உடையும். அதனால் இடையில் ஒரு வில்லை வைத்தார்கள். சக்கரம் கீழே வந்து திரும்பும் நேரத்திலும் தலை தன் வேகத்தில் மேலும் கீழே பாயும், வில் விரிந்து இடம் கொடுக்கும். தடிப்பு கூடினாலும் குறைந்தாலும் அடி அடியாகவே விழும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மன்காட்டோ நகரில் மேயர் சகோதரர்கள் செய்த 'லிட்டில் ஜயன்ட்' இந்த வகையில் புகழ்பெற்றது. 25, 50, 100 இறாத்தல் தலைகளோடு ஆயிரக்கணக்கான கிராமப் பட்டறைகளுக்குப் போனது. காலால் மிதித்தால் கிளட்ச் பிடிக்கும். மெல்ல மிதித்தால் கிளட்ச் நழுவி நழுவி மெல்ல அடிக்கும், அழுத்தினால் முழுவேகம்.

இரண்டாவது வழி காற்று. இயந்திரத்துக்குள்ளேயே இரண்டு உருளைகள். ஒன்றில் மோட்டார் ஓட்டும் பிஸ்டன் காற்றை அமுக்கும். மற்றதில் சம்மட்டித் தலை அந்தக் காற்றில் ஏறி இறங்கும். இடையிலுள்ள வால்வை மிதிபலகை திருப்பும். மான்செஸ்டர் பக்கத்து மாஸி சகோதரர்களும் ஜேர்மனியின் பெஷே நிறுவனமும் இவற்றைச் செய்தார்கள். ஒற்றை அடி, தொடர் அடி, தலையை மேலே நிறுத்திவைத்தல் மூன்றும் இதில் முடியும். வில்லுச் சம்மட்டியை விட இது சொல் கேட்கும். விலை கூட. உருளையும் பிஸ்டனும் நுணுக்கமாகக் கடைந்து பொருத்தப்பட வேண்டும் என்பதால் சாதாரணப் பட்டறையில் செய்ய முடியாது. இந்தியாவில் லூதியானா, ராஜ்கோட் பட்டறைகள் இரண்டு வகையையும் செய்து விற்கின்றன.

பட்டடையின் கணக்கு

விசைச் சம்மட்டி கட்ட முனைகிறவர்கள் முதலில் தலையின் பாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அனுபவப்பட்டவர்கள் முதலில் பட்டடையின் பாரத்தைக் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு.

தலை விழுந்து இரும்பை அடிக்கும்போது அந்தச் சக்தி முழுவதும் இரும்பை நசுக்கப் போவதில்லை. ஒரு பங்கு பட்டடையைக் கீழே தள்ளுவதில் வீணாகிறது. பட்டடை எவ்வளவு பாரமோ அவ்வளவு குறைவாக அது நகரும். கணக்குப் போட்டால், பட்டடையும் தலையும் ஒரே பாரமாக இருந்தால் பாதிச் சக்தி போய்விடும். பட்டடை 5 மடங்கு என்றால் 83 சதவீதம் வேலைக்குக் கிடைக்கும். 10 மடங்கில் 91. 15 மடங்கில் 94. 20 மடங்குக்குப் போனாலும் 95தான். ஆகவே 10க்கும் 15க்கும் இடையே நிற்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் போடும் இரும்புக்குப் பலன் சொற்பம்.

25 கிலோத் தலைக்கு 12 மடங்கு என்றால் 300 கிலோப் பட்டடை. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தண்டு ஒன்று 78 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் அந்தப் பாரம் வரும். துண்டு துண்டாக அடுக்கி ஒட்டிய இரும்பு அதே பாரமாக இருந்தாலும் ஒரே கட்டித் தண்டு போல அடியைத் தாங்காது.

வேகத்தின் கணக்கும் சுவையானது. 50 கிலோத் தலை 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து சும்மா விழுந்தால் 147 ஜூல் சக்தி. 25 கிலோத் தலையை 20 சென்ரிமீற்றர் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 300 தடவை ஆட்டினால் அதன் உச்சவேகம் விநாடிக்கு 3.1 மீற்றர், சக்தி சுமார் 123 ஜூல். வில்லின் விசிறல் அதற்கு மேல் சேரும். பாதிப் பாரம், கிட்டத்தட்ட அதே அடி, விநாடிக்கு 5 தடவை. இரும்பு சிவப்பாக இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை அடி விழுகிறது என்பதுதான் கொல்லருக்கு லாபம். ஒரு சூட்டில் முடியும் வேலைக்கு மூன்று சூடு போட்டால் சிரட்டைக்கரியும் வீண், இரும்பும் பொருக்காக உதிர்ந்து வீண்.

லொறி வில்லும் பழைய டயரும்

20ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கம்பனிகள் வில்லுச் சம்மட்டியை விட்டு விலகியபோது, கொல்லர்களே அதைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் பரவிய இரண்டு அமைப்புகள் நம்முடைய பட்டறைகளுக்கு மிக நெருக்கமானவை. காரணம், இரண்டும் வாகன உதிரிகளில் பிறந்தவை.

ஒன்று லொறியின் வில்லுப்பட்டைகளை அடுக்கி நடுவில் அச்சில் நிறுத்துவது. ஒரு முனையைச் சக்கரம் ஆட்ட, மறுமுனையில் தலை ஏறி இறங்கும். மலைநாட்டுக் கம்மாலைகளில் கத்தி அடிக்க எடுக்கும் இரும்பும் அதே லொறி வில்லுத்தான். மற்றது டயர்ச் சம்மட்டி. சிறிய உபரிச் சக்கரம் ஒன்று டயரோடு அப்படியே சுழல்சக்கரமாகிறது. மோட்டாரின் தண்டில் ஒரு சின்ன உருளை இருக்கும். மிதிபலகையை அழுத்தினால் உருளை டயரில் உராய்ந்து அதைச் சுழற்றும். லேசாக அழுத்தினால் வழுக்கிச் சுழலும், இறுக்கினால் முழுவேகம் எடுக்கும். தனியாகக் கிளட்ச் கிடையாது. ரப்பரே கிளட்ச். சுமார் 23 கிலோத் தலைக்கு 1 குதிரைவலு மோட்டார் போதும்.

வெளிநாட்டுப் படத்தை அப்படியே எடுத்துக் கட்டுகிறவர் ஒரு விடயத்தில் கவனமாக இருக்கவேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சி. அங்கே இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 1,725 சுற்றுச் சுற்றும். நமது மின்சாரம் 50 சுழற்சி. இங்கே அது 1,440தான். 55 சென்ரிமீற்றர் டயருக்கு 7.5 சென்ரிமீற்றர் உருளை போட்டால் அங்கே நிமிடத்துக்கு 235 அடி விழும், இங்கே 196. அதே 235 வேண்டுமானால் உருளையை 9 சென்ரிமீற்றராக்க வேண்டும்.

திருத்தங்கள் இதோடு முடியவில்லை. பழைய லிட்டில் ஜயன்டில் தடை இருக்கவில்லை. காலை எடுத்த பிறகும் சக்கரம் ஓடி ஓர் அடி கூட விழும். வாங்கியவர்கள் தாங்களே தடைப்பட்டை பூட்டி, தலை மேலே வந்து நிற்கும்படி செய்துகொண்டார்கள். தலை ஓடும் வழி தளர்ந்தால் அடி கோணலாக விழும் என்பதால் இறுக்கிக்கொள்ளும் தகடுகள் வந்தன. தலையிலும் பட்டடையிலும் பூட்டும் அச்சுகளின் விளிம்பை உருட்டிவிட்டார்கள். கூரான விளிம்பு இரும்பில் வெட்டு விழுத்தும், அந்த வெட்டில்தான் பின்னால் கத்தி உடையும். நீட்டும் வேலைக்கு முதுகு வளைந்த அச்சு, பரப்பும் வேலைக்குத் தட்டை அச்சு. ஆப்பைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். உடைந்த வில் முகத்தில் பாயாமல் இருக்க முன்னால் ஒரு காப்புத் தகடு. இத்தனை திருத்தத்திலும் அடியின் பலம் கூடவில்லை. அடி சொன்ன இடத்தில் விழவும் சொன்னபோது நிற்கவும்தான் இவ்வளவும்.

குமாரசுவாமியின் கேள்வி

கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியைத் தாண்டிப் போக முடியாது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைக்குப் பொறுப்பாக இருந்த அவர், மலைகளில் கல்லைத் தேடிப் போனபோது கொல்லரையும் தட்டாரையும் தச்சரையும் கண்டார். பழைய முறையில் இரும்பும் உருக்கும் எடுக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை, ஆங்கிலேயக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் அச்சிட்டார்.

இயந்திரம் என்றாலே அவர் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொன்னது அதைவிட நுணுக்கமானது. கருவிக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் கைவினைஞருக்கே தெரியும் என்றார். கம்பளத் தறி நெய்பவரின் விரல்களுக்காகப் பாவு நூலை இழுத்துப் பிடித்து நிற்பதால் அது கருவி. விசைத்தறி மனிதன் செய்யவேண்டிய பகுதியையே தான் செய்துவிடுவதால் அது பண்பாட்டை அழிக்கும் இயந்திரம். சென்னையில் வெளியான 'கலையும் சுதேசியமும்' நூலில் வந்த இந்தக் கருத்தை, 1973இல் பொருளியலாளர் ஷூமாக்கர் தன் 'சிறியதே அழகு' நூலில் எடுத்தாண்டதால் உலகம் முழுவதும் அறிந்தது.

அந்த அளவுகோலை விசைச் சம்மட்டி மேல் வைத்துப் பார்க்கலாம். கொல்லரின் கம்மாலையில் மனிதன் செய்யவேண்டிய பகுதி எது? நொக்ஸ் காட்டிய காட்சியிலேயே பதில் இருக்கிறது. குறடு பிடித்த இடக்கையும், சின்னச் சுத்தியல் பிடித்த வலக்கையும், இரும்பின் நிறத்தைப் பார்க்கும் கண்ணும்தான் தொழில். பெரிய சம்மட்டியை அன்றைக்கே கொல்லர் தொடவில்லை, வந்தவர் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டால் கொல்லரின் தொழில் குறைவதில்லை. தண்ணீர்ச் சம்மட்டி போலத் தன் போக்கில் அடிப்பது இயந்திரம். காலின் அழுத்தத்துக்கு ஏற்ப அடிக்கவும் நிற்கவும் தெரிந்தது கருவி. வில்சனின் வால்வும் ரப்பர் டயரும் கூடுதல் தடைப்பட்டையும் செய்தது இந்த மாற்றத்தைத்தான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். சம்மட்டி அடித்தவர்கள் வழியாகத்தான் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போனது. இரண்டு மூன்று வருடம் எதிரே நின்று அடித்தவன் கண்ணாலும் காதாலும் பாதி வேலையைக் கற்றுவிடுவான். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கற்க யாரும் இல்லை. மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கிய பிறகு மலைநாட்டுப் பட்டறைகளுக்கு மோட்டார் எட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாடு ஒரே நாளில் 13 மணிநேரம் இருட்டில் கிடந்தபோது, மோட்டாரை நம்பிய பட்டறைகள் நின்றன. கைச்சம்மட்டி மட்டும் ஓடியது.

என் முடிவு இதுதான். இன்றைக்குச் சம்மட்டி அடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைக்காத ஆளுக்காகக் காத்திருந்து மூடப்படும் கம்மாலையை விட, டயர்ச் சம்மட்டி ஒன்றோடு திறந்திருக்கும் கம்மாலை நல்லது. ஆனால் அதைக் கட்டுகிறவர்கள் தலையின் பாரத்தைக் கூட்டுவதற்கு முன் தடையையும் காப்புத் தகட்டையும் பூட்டட்டும். பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, இரும்பின் நிறத்தையும் சின்னச் சுத்தியலின் தட்டையும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கண்டி, அம்பிட்டிய, தலாத்துஓயாப் பக்கத்தில் கம்மாலையில் சம்மட்டி அடித்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், அவர்களுடைய அடையாளத் தட்டுகளையும் வேலை முறையையும் வீட்டிலுள்ள இளையவர்கள் கேட்டு எழுதி நமது இதழுக்கு அனுப்புங்கள். அடுத்த அத்தியாயம் துருத்தி பற்றியது. தோல் துருத்தியிலிருந்து மின்விசிறிவரை.